சுவர்ப் பக்கம் திரும்பும் முகங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சு போனவர்களுக்கென்று தனி வார்டு ஒன்று இருந்தது. நீளமான அறை. இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி இரும்புக் கட்டில்கள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, நாக்கும் கட்டிப் போனவர்களை வண்டியில் ஏற்றி வந்து அங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். இறக்கிவிட்டவர்கள் முதலில் வாரம் தவறாமல் வந்து பார்ப்பார்கள். அப்புறம் மழை, வேலை, குழந்தைக்குச் சளி என்று ஏதாவது குறுக்கே வந்துவிடும்.

டாக்டர் அந்த வார்டுக்குள் கால் வைத்ததும் ஒரு காரியம் நடக்கும். வாசலை ஒட்டிய கட்டிலில் கிடக்கும் படகுக்காரர் மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அடுத்த கட்டிலில் தையல்காரி. அதற்கடுத்து மணி அடிக்கிறவர். காற்று வந்து பயிர் சாய்கிற மாதிரி, கடைசிக் கட்டில் வரைக்கும் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். சத்தமே இருக்காது. தலையணையில் முடி உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

டாக்டர் இளவட்டமாக இருந்தபோதே இதைக் கவனித்தார். அதுவரை யார் கண்ணிலும் படாத விஷயம். தலைக்குள் பேச்சை ஆளுகிற இடம் அழிந்துபோனால், பரிசோதிக்க வருகிறவர் நெருங்கும்போது நோயாளியின் முகம் தானாகச் சுவரை நோக்கித் திரும்பும் என்று எழுதினார். அவருடைய புத்தகம் கடல் தாண்டிப் போனது. அங்கங்கே இருந்த டாக்டர்கள் தங்கள் தங்கள் வார்டில் போய்ப் பார்த்தார்கள். ஆமாம், இங்கேயும் திரும்புகிறது என்றார்கள். அந்த நோய்க்குறிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே பெயர் நிலைத்துப்போன பாக்கியவான் என்று சக டாக்டர்கள் வயிறெரிந்தார்கள்.

அவர் அந்தத் துறைக்கு வந்த காலத்தில் தலைக்குள் இருப்பதைப் பற்றி யாருக்கும் தெளிவு கிடையாது. வலிப்பா, வாதமா, பேச்சு போச்சா, எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டு மூடுவார்கள். கெட்ட ரத்தம் என்பார்கள். இவர்தான், அப்படியில்லை, தலைக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இடம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று பிடிவாதமாக நின்றார். நோயாளி உயிரோடு இருக்கும்வரை கை எப்படி விழுந்திருக்கிறது, கால் எப்படி இழுக்கிறது, எந்தச் சொல் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து வைப்பார். உயிர் போனதும் ரம்பத்தை எடுத்து மண்டையைத் திறந்து, எங்கே கெட்டிருக்கிறது என்று பார்ப்பார். பார்த்ததை ஸ்பிரிட் ஜாடியில் போட்டு அலமாரியில் வைப்பார். இடது நெற்றிக்குப் பின்னால், சுண்டு விரல் நுனியால் மறைத்துவிடலாம் போன்ற ஓர் இடம். பேச்சு அங்கே குடியிருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை மண்டை டாக்டர் என்பார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னொன்றும் சொன்னார். பேச்சும் புத்தியும் ஒரே கூரைக்குக் கீழே குடியிருப்பவை, கூரை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே நசுங்கும் என்றார். யோசிப்பதென்றால் உள்ளுக்குள் பேசிக்கொள்வதுதானே, வார்த்தை போனவனுக்கு யோசனை எங்கிருந்து வரும் என்று கேட்டார். கேட்டவர்களுக்கும் சரியாகத்தான் பட்டது.

அதனால் அவருக்கு ஒரு வசதி. மாணவர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி வைத்து, தாராளமாக வாயைத் திறந்து பேசலாம்.

"இது இன்னும் எத்தனை நாள் இழுக்கும்னு நினைக்கிறீங்க? குளிர் முடியறதுக்குள்ள போயிரும். போனதும் இங்க இருந்து ஆரம்பிச்சு இப்படி அறுப்போம்" என்று அந்த நெற்றியிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டுவார், மரம் அறுக்கிறவன் அறுப்பதற்கு முன்னால் போடுகிற மாதிரி.

கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. வார்டுக்குப் போர்வை போதவில்லை என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தவர். புண் வந்தவர்களைத் தானே புரட்டிப் படுக்க வைப்பார். கேட்கிற ஆள் உள்ளே இல்லை என்று நம்பினார், அவ்வளவுதான்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவரும் அக்காவும்தான். அப்பா அம்மா போனபின் அவரை வளர்த்தவள் அக்கா. அந்த ஆஸ்பத்திரியின் வெளுப்புக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. பெரிய கொப்பரைகளில் துணி கொதிக்கும். அழுக்குத் துணி வண்டி வாசலுக்கு வந்ததும், ஆவிக்கு நடுவே நிற்கிற பெண்களுக்குக் கேட்கும்படி "வந்தாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பாள். தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலில்தான் தம்பி படித்தான், டாக்டர் ஆனான். தம்பி பெரிய டாக்டர் ஆன பிறகும் அவள் அந்த வேலையை விடவில்லை. முழங்கைவரை வெந்நீர்த் தழும்பு.

தம்பி வீட்டுக்கு வந்தால் முதலில் இதுதான்.

"வாடா மண்டைக்காரா. கையைக் கழுவினியா?"

"கழுவிட்டேன்க்கா."

"இன்னொரு தடவை கழுவு. எவன் மண்டைக்குள்ள விட்ட கையோ. ஊர்ல இருக்கிற தலையெல்லாம் தொறந்து பாக்குற. உன் தலைக்குள்ள ஒருநாள் எட்டிப் பாரேன். நேரத்துக்குச் சாப்பிடணும்கிற நினைப்பு எந்த மூலையில கிடக்குதுன்னு தெரியட்டும்."

"பேச்சு இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சிருக்கேன். சும்மாவா?"

"என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. பேச்சு இருக்கிற இடம் வாய்." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். முதலில் தொண்டைக்குள் குடம் கவிழ்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மூச்சு முட்ட ஒரு இழுப்பு. அந்தச் சிரிப்பை எங்கே கேட்டாலும் அவருக்குத் தெரியும்.

ஒருநாள் இஸ்திரி மேஜைக்கு முன்னால் அக்கா விழுந்தாள். விரிப்பு கருகுகிற நாற்றம் வந்துதான் மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கி வந்து போட்டபோது வலது கை துணியாகத் தொங்கியது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"அக்கா, என்னைத் தெரியுதா? நான் யாரு?"

"வந்தாச்சு" என்றாள் அக்கா.

விளக்கைக் காட்டிக் கேட்டார். வந்தாச்சு. தண்ணீரைக் காட்டிக் கேட்டார். வந்தாச்சு. அவளே அந்தச் சொல்லைக் கேட்டு மிரண்டு, வேறு ஏதோ தேடி, வாயைக் கோணிக்கொண்டு முட்டி மோதிப் பார்த்தாள். வெளியே வந்தது மறுபடி அதேதான். ஆயிரம் சொல் இருந்த வீட்டில் இந்த ஒன்றுதான் மிச்சம்.

வார்டில் ஜன்னலை ஒட்டிய கட்டிலை அவளுக்குக் கொடுத்தார். முதலில் சில நாள் அவர் வந்ததும் இடது கையால் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "வந்தாச்சு, வந்தாச்சு, வந்தாச்சு" என்று படபடப்பாள். எதையோ கேட்கிறாள் என்று அவருடைய உள்மனசு சொல்லியது. அவர் எழுதிய புத்தகம், கேட்க உள்ளே யாரும் இல்லை என்றது. புத்தகத்தைத்தான் நம்பினார். நம்பாவிட்டால் அழுதிருப்பார். மாணவர்களுக்கு முன்னால் அழ முடியுமா.

டாக்டர்கள் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை கூடும். அங்கே சங்கத் தலைவர் இவருக்கு ஒரு முள். இவர் கொண்டுவந்து காட்டுகிற மூளைகள் எல்லாம் வயசானவை, பல இடத்தில் சிதைந்தவை, இதை வைத்துக்கொண்டு ஒரு இடம்தான் என்று எப்படிச் சொல்வது என்று போனமுறை எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். அக்காவுக்கு வந்தது அப்படியில்லை. பேச்சும் கையும் மட்டும் போயிருந்தன. வேறு ஒன்றும் கெடவில்லை.

மாணவர்களோடு ஜன்னல் கட்டிலுக்கு வந்தார். அவருக்கு உதவியாக இருந்த சின்ன டாக்டர் தயங்கினார்.

"ஐயா, இவங்க உங்க…"

"வார்டுக்குள்ள எல்லாரும் நோயாளிதான்" என்றார். பிறகு மாணவர்களைப் பார்த்துச் சொன்னார். "இவ்வளவு சுத்தமான கேஸ் எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல. இதயம் பலவீனம், சங்கம் கூடறதுக்குள்ள முடிஞ்சிரும். இந்தத் தலை சங்கத்து மேஜைக்கு வந்துட்டா, அப்புறம் எவனும் எதிர்த்துப் பேச முடியாது." விரல் அக்காவின் நெற்றியில் கோடு போட்டது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"கவனிங்க" என்றார் டாக்டர். "நரம்பு தளர்ந்தா கண்ணீர் தன்னால வடியும். துக்கம்னு நினைச்சுக்காதீங்க."

மறுநாள் அவர் வார்டுக்குள் நுழைந்தபோது, மற்ற தலைகளோடு அக்காவின் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியது. குறி தோன்றிவிட்டது என்று குறித்துக்கொண்டார். தான் சொன்னது அக்கா வரைக்கும் சரியாக வருகிறதே என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. உடனே அதற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

அவர் வழக்கமாகக் காலையில் பெரிய வாசல் வழியாக, பூட்ஸ் சத்தம் முன்னே போக, மாணவர்கள் பின்னே வர, வார்டுக்கு வருவார். ஒரு மத்தியானம் வெளுப்புக்கூடத்திலிருந்து அக்காவின் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவின் மரச்செருப்பும் சீப்பும் ஒரு துணிப்பையும். பையோடு பின்பக்கத் தாழ்வாரம் வழியாகத் திரும்பினார். வார்டின் பின்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தரை துடைக்கிற ஆயாவின் குரல் கேட்டது. அவளுக்கு வார்டில் வாய்க்காரி என்று பெயர். வேலை செய்கிறவளுக்கு இரண்டு கை போதும், இவளுக்கு வாயும் சேர்ந்து ஓட வேண்டும்.

"கேட்டீங்களா சங்கதியை? நம்ம மண்டை டாக்டர் செத்துப் போனாராம். போயி மேல கதவைத் தட்டினாராம். காவக்காரன் எட்டிப் பாத்து, யாருப்பான்னு கேட்டானாம். இவரு, 'அது இருக்கட்டும், முதல்ல நீ தலையைக் கொஞ்சம் குனி, பாக்கணும்'ன்னாராம். அவன் பயந்து கதவைச் சாத்திட்டான். சரின்னு கீழ போனா, அங்க இருக்கிறவனுக்கு அதுக்குள்ள சேதி போயிருச்சு. அவன் முன்னாடியே பூட்டு போட்டுட்டான். மேலயும் பூட்டு, கீழயும் பூட்டு. மனுஷன் என்ன பண்ணுவாரு? நாளைக்குக் காலையில வழக்கம்போல இங்கதான் வரப்போறாரு."

சிரிப்பு எழுந்தது.

முதலில் தொண்டைக்குள் குடம் கவிழ்கிற சத்தம். அக்கா. பை கையிலிருந்து நழுவியது அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் படகுக்காரரின் கரகரப்பு. தையல்காரியின் கீச்சொலி. வார்த்தை இல்லாத தொண்டைகள், ஒவ்வொன்றும் தனக்கு வாய்த்த உடைசலைக் கொண்டு சிரித்தன. சிரிக்க வேண்டிய இடத்தில், ஒரு மூச்சுக்கூட முந்தாமல், எல்லோரும் சேர்ந்து.

கதவிடுக்கில் பார்த்தார். ஒரு முகமும் சுவர்ப் பக்கம் இல்லை. எல்லா முகமும் ஆயாவைப் பார்த்திருந்தன, இறங்கிப்போன வாயோடு, வெளிச்சமாக. அந்த முகங்களை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. பல வருஷமாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றின் பின்மண்டைதான்.

கதவைத் தள்ளினார். ஆயா விறைத்து நின்றாள். படகுக்காரரின் சிரிப்பு பாதியில் அறுந்தது. பின்கதவு என்பதால் இந்தமுறை கடைசிக் கட்டிலிலிருந்து ஆரம்பித்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகள் சுவர்ப் பக்கம் திரும்பின. அக்கா கொஞ்சநேரம் அவரைப் பார்த்தாள். பிறகு அவளும் திரும்பிக்கொண்டாள்.

தலையணையில் முடி உரசுகிற அந்தச் சத்தம் அவருக்கு முதுகுத்தண்டில் கேட்டது. பாடப் புத்தகங்களில் தன் பெயரால் வழங்குகிற குறி எது என்று அவருக்கு அப்போது புரிந்தது. அது நோயால் வந்ததில்லை. அவர் வருவதால் வந்தது.

அன்று ஜாடிகள் இருக்கும் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். வெயில் ஜன்னல் வழியாக அலமாரியில் விழுந்து, ஸ்பிரிட் தேன் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு ஜாடியும் அவருக்கு அத்துப்படி. எந்தப் பக்கம் எவ்வளவு ஆழத்துக்குக் கெட்டிருந்தது, எடை என்ன, எல்லாம் வாயில் நிற்கும். இவர்கள் உயிரோடு கிடந்தபோது இவர்களுக்கு முன்னால் என்னவெல்லாம் சொன்னோம் என்று யோசித்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சொன்னவருக்கு மறந்துவிட்டது. கேட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நெற்றியில் கோடு போட்ட விரலை மட்டும் பார்த்தார். அது அவருடைய கையில்தான் இருந்தது.

அதிலிருந்து அவருக்குத் தன் குரலே கேட்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால், முகம் கழுவினால், பக்கத்தில் யாரோ நின்று சொல்கிற மாதிரி. *இது இன்னும் எத்தனை நாள் இழுக்கும்.* திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள்.

அக்காவிடம் தினமும் போனார். மாணவர்களை வர வேண்டாம் என்றார். நாற்காலியைப் போட்டு அவளுடைய முதுகோடு பேசினார்.

"அக்கா, உனக்குக் கேக்குதுன்னு தெரியும். தெரியாம பேசிட்டேன்."

முதுகு அசையவில்லை.

"திட்டணும்னா திட்டுக்கா. உன் சொல்லுலயே திட்டு."

கஞ்சியை அவர் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆயா ஊட்டினால் குடித்தாள். ஆயா அவரைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னாள். "கோவம் தீரட்டும் ஐயா. வெளுக்கிற கைக்கு வைராக்கியம் ஜாஸ்தி."

ஒருநாள் மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா தானாகவே இந்தப் பக்கம் திரும்பினாள். கன்னம் ஒட்டியிருந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது. கொஞ்ச நாள்தான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டார். இந்தக் கேள்வியை அதற்கு முன்னால் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"அக்கா. நீ போனப்புறம் உன் தலையைத் திறந்து பாக்கட்டுமா?"

அக்கா இடது கையால் போர்வையை இழுத்துத் தலையை மூடி, தாடைக்குக் கீழே கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் டாக்டர். ஒருமுறை பார்த்ததை நம்ப மாட்டார். "வேண்டாம்னா பிடியை விடு. பாக்கலாம்னா பிடிச்சுக்கோ" என்று கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

பிடி விட்டது. போர்வை தளர்ந்தது.

"வேண்டாம்னா என் கையைத் தொடு."

தழும்பேறிய விரல்கள் வந்து அவருடைய மணிக்கட்டைத் தொட்டன. தொட்டது மட்டுமில்லை, நறுக்கென்று ஒரு கிள்ளு.

"வந்தாச்சு" என்றாள். இன்னும் எத்தனை விதமாடா கேட்பாய் என்கிற தொனி. வார்த்தைதான் வேறு. அவர் அழுதார். அக்கா போர்வை முனையால் தன் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே, வலிக்கிற மாதிரி. அன்று அவர் கையால் கஞ்சி குடித்தாள்.

சங்கம் கூடுவதற்கு முன்னால், ஒரு முற்பகலில், அக்கா போய்ச் சேர்ந்தாள்.

சின்ன டாக்டர் தன் கடமையில் தவறவில்லை. டாக்டர் பிணவறைக்கு வந்தபோது மேஜை கழுவியிருந்தது. ரம்பம், சுத்தி, புது ஜாடி, ஸ்பிரிட் எல்லாம் வரிசையாக இருந்தன. வெள்ளைத் துணிக்குக் கீழே அக்கா. அந்தத் துணி அவளே வெளுத்ததாகக்கூட இருக்கலாம்.

"எல்லாத்தையும் எடுத்து வை" என்றார் டாக்டர். "திறக்கப் போறதில்ல."

சின்ன டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, இது இல்லாம சங்கத்துல என்ன காட்டுவீங்க? வருஷக்கணக்கா நீங்க காத்திருந்த கேஸ் இது."

"அவங்க வேண்டாம்னுட்டாங்க."

"யாரு?"

"அக்கா."

"எப்படிய்யா? அவங்களுக்குத்தான் பேச்சு…" சின்ன டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "புத்தியே இல்லாதவங்க வேண்டாம்னு எப்படிச் சொல்வாங்க? நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

அதுதான் சிக்கல். அவர் தலைமாட்டில் நின்று யோசித்தார். பிடி விட்டதும், விரல் தொட்டதும், கிள்ளியதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எழுதியபடி பார்த்தால் அதெல்லாம் வெறும் தசைத் துடிப்பு, அக்கா ஒன்றும் சொல்லவே இல்லை, திறக்கலாம். திறந்தால் உள்ளே அந்த இடம் நிச்சயமாகக் கெட்டிருக்கும், சங்கத் தலைவரின் வாய் அடைபடும், பெயர் கல்லில் வெட்டினதுபோல நிற்கும். திறக்காமல் விட்டால், அக்கா சொன்னாள் என்று ஆகிவிடும். அக்கா சொன்னாள் என்றால் படகுக்காரரும் தையல்காரியும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறார்கள். அலமாரியில் இருப்பவர்களும் கேட்டுக்கொண்டுதான் செத்தார்கள்.

ரம்பத்தைக் கையில் எடுத்தார். கைப்பிடி அவருடைய உள்ளங்கைக்குத் தேய்ந்து பழகியது. ஒரு கணம் அது பாட்டுக்கு அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்தக் கணத்தை நினைத்து அவர் சாகும்வரை நடுங்கினார்.

"அவங்க சொன்னாங்க" என்று ரம்பத்தைக் கீழே வைத்தார். "ஒரு கை பிடி. தூக்கணும்."

அக்காவை முழுசாகத்தான் புதைத்தார்கள். ஆயாவும் வெளுப்புக்கூடத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். மண் தள்ளும்போது அந்தப் பெண்களில் ஒருத்தி, "சத்தம் போடறதுக்கு இனிமே ஆள் இல்ல" என்றாள்.

சங்கக் கூட்டத்தில் அவருடைய மேஜைமேல் ஒன்றும் இல்லை. எழுந்து நின்று, பேச்சின் இடத்தைப் பற்றிச் சொன்னது சரிதான் என்றும், புத்தியைப் பற்றிச் சொன்னது தப்பு என்றும், தன் பெயரில் உள்ள குறியை எல்லோரும் அழித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். நோயாளிகள் நாம் பேசுவதைக் கேட்கிறார்கள், பிடிக்காமல் திரும்பிக்கொள்கிறார்கள் என்றார். சபையில் இருமல் சத்தம் கேட்டது.

"ஆதாரம்?" என்றார் சங்கத் தலைவர்.

"புதைச்சாச்சு."

"அப்ப உங்க வார்த்தையை மட்டும் நம்பணும்." தலைவர் இந்தமுறை கேலி செய்யவில்லை. இரக்கமாகவே பேசினார். அது இன்னும் மோசமாக இருந்தது. "கூடப் பிறந்தவங்களைப் பறிகொடுத்திருக்கீங்க. மனசு ஆறட்டும். அந்தக் குறியை நானே என் வார்டுல பாத்திருக்கேன். நான் கட்டில்கிட்டப் போய் நின்னு பேச ஆரம்பிச்சதும் திரும்பிக்கிறாங்க. எத்தனை ஊர் டாக்டருங்க பாத்தது. ஒரு வருத்தத்துல எடுத்துப் போட்டுட முடியுமா?"

முடியவில்லை. பாடப் புத்தகங்களின் அடுத்த பதிப்பிலும் அது இருந்தது, அவருடைய பெயரோடு. எங்கோ ஒரு ஊரில் ஒரு டாக்டர் ஒரு கட்டிலருகே நின்று, இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பார். ஒரு முகம் சுவர்ப் பக்கம் திரும்பும். அவர் மாணவர்களிடம் பெயரைச் சொல்லிக் காட்டுவார். அந்த நிமிஷம் இங்கே இவருக்குப் பிடரியில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். மாதிரி என்ன, ஊரும்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் வார்டுக்குப் போனார். தனியாக. பூட்ஸை வெளியே கழற்றி வைத்தார். வாசலிலேயே நின்றார். படகுக்காரர் ஏற்கெனவே திரும்பிக்கொண்டாயிற்று. மற்றவர்களும். ஜன்னல் கட்டிலில் விரிப்பு மாற்றி, புது ஆளுக்காகத் தயாராக இருந்தது.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார். அவ்வளவு வருஷத்தில் அந்த வாசலில் யாரும் கேட்காத கேள்வி. குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

யாராவது ஒருவர் விரலை அசைத்தால் போதும், போ என்று அசைத்தாலும் போதும் என்று நின்றார். பின்மண்டைகள் அப்படியே இருந்தன. ஆனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள் என்பது தெரிந்தது. வார்டு முழுக்க அந்தக் கேட்டல் நிறைந்து, கனத்து, அவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. கால் கடுத்தது. வெயில் முதல் கட்டிலைத் தாண்டி இரண்டாவது கட்டிலுக்கு வந்தது.

வாய்க்காரி வாளியோடு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

"கொஞ்சம் நகருங்க ஐயா, தரை துடைக்கணும்."

அவர் ஓரமாக ஒதுங்கினார். வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. அவள் துடைத்துக்கொண்டே போனாள். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.